முதல் ஊரைத் தாண்டாதவள்

ஜூன் 8, ஞாயிறு

மைனி இன்று என்னை ஊரறியப் பாராட்டிவிட்டாள். இனி எந்த முகத்தோடு இவள் கையால் சாப்பிடுவது என்று தெரியவில்லை. சாப்பிட்டேன். சேமியா பாயசம் இரண்டு தம்ளர்.

ஒழுங்காக எழுதுகிறேன். மைனி என்றால் அண்ணன் மனைவி, சண்முகவடிவு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். முதுகுவலியால் வேலையை விட்டபின் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ‘அக்கரை’ என்ற கம்ப்யூட்டர் கேமைத் தமிழாக்கினாள். கதைக்குள் நாமே ஓர் ஆளாகி, ஊர் ஊராக நடந்து, கண்டவர்களிடமெல்லாம் பேசி முன்னேற வேண்டிய வகை. ஆர்பிஜி என்பார்கள். வெளிநாட்டில் நான்கு பேர் சேர்ந்து செய்தது, வாங்காத விருது இல்லை. அந்த நால்வரிடம் அனுமதி வாங்கி, போன வாரம்தான் தமிழ் வடிவத்தை இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டோம். எல்லாம் சரியாக இருந்தால் ஜூலை கடைசியில் கேமுக்குள்ளேயே தமிழைச் சேர்ப்பதாகவும், அடுத்த கேமைச் சம்பளத்தோடு மைனிக்கே தருவதாகவும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மைனியின் பழைய லேப்டாப்பில் இந்த கேம் ஓடாது. கேமில் வரும் பேச்சையெல்லாம் வரிவரியாக அடுக்கி அவர்கள் அனுப்பிய ஷீட்டில் பார்த்து அவள் மொழிபெயர்த்தாள். அதை கேமுக்குள் ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. வீட்டில் கேம் ஆடுகிறவள் நான்தான், பெரிய லேப்டாப் வைத்திருப்பவளும் நான்தான்.

இன்று அவள் முகநூலில் எழுதியிருக்கிறாள்: “முழு கேமையும் ஆடி, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த என் நாத்தனார் ஆவுடைசெல்வி இல்லாவிட்டால் இது இல்லை.”

ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தது உண்மை. ஷீட்டில் வாசித்தேன். ஆடியது முதல் ஊர் வரைக்கும். அந்த ஊரில் ஒருத்தி ஆட்டைக் காணோம் என்பாள். அங்கே மூடினேன்.

என் லேப்டாப்பில் இப்படி நிறைய கேம்கள் கிடக்கின்றன. உலகமே கொண்டாடுகிறதே என்று வாங்குவேன். முதல் ஊரில் மூலிகை பறிக்கச் சொல்வார்கள், வேலி கட்டச் சொல்வார்கள், ஊர்ப்பெரியவர் மூச்சு விடாமல் பேசுவார். எனக்குக் கொட்டாவி வரும். “கொஞ்சம் பொறு, போகப் போகத்தான் ருசி” என்று எல்லாரும் சொல்வார்கள். ‘அக்கரை’க்கும் அப்படி ஒரு வாசகம் உண்டு. படகு ஏறும் வரைக்கும்தான் பொறுமை வேண்டுமாம், ஏறிவிட்டால் எழுந்திருக்கவே மனசு வராதாம். படகு பத்து மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிறது. நான் சினிமாவுக்கே இடைவேளையில் எழுந்து வருகிறவள்.

ஜூன் 10, செவ்வாய்

அந்த நால்வரிடமிருந்து மெயில். தமிழில் கடைசி வரை யாராவது ஆடிப் பார்த்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். டைல்ஸ் கடையில் பில் போட்டு முடித்து நான் வீடு வருவதற்குள் மைனி பதில் அனுப்பிவிட்டாள். ஆமாம் என்று.

“என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மைனி.”

“கேக்கதுக்கு என்ன இருக்கு? நீதான ஏப்ரல்ல முடிச்சிட்டேன்னு சொன்ன.”

ஆமாம். சொன்னேன். அன்று அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள், கை கழுவாமலே என் கன்னத்தைத் தொட்டாள். ஒரு கன்னம் முழுக்க மாவு.

ஜூன் 15, ஞாயிறு

எதிர்பாராதது நடந்துவிட்டது. மைனிக்கு கேம் ஆட ஆசை வந்திருக்கிறது.

“ரெண்டு வருஷமா ஷீட்லயே பாத்த ஊரு. ஒரு நடை நடந்து பாக்கணும்போல இருக்கு. மத்தியானம் ஒன் லேப்டாப்ப எடுத்துக்கிடட்டா?”

அவள் குளிக்கப் போனதும் ஓடிப்போய், கேமில் சேமித்திருந்த என் பழைய ஆட்டத்தை அழித்தேன். ‘முதல் ஊர்’ என்று அது பட்டவர்த்தனமாகக் காட்டிக்கொண்டிருந்தது. வந்து பார்த்தவள், “நீ முடிச்சது ஒண்ணும் காணலையே?” என்றாள். இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டேன் என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

பிறகு அவள் ஆடுவதைப் பார்த்தேன். ஒரு பலகையையும் விடாமல் வாசிக்கிறாள். கிணற்றடியில் நின்று தண்ணீர் சத்தம் கேட்கிறாள். யாருமே பேச்சுக் கொடுக்காத ஒரு சுமைக்காரனிடம் மூன்று தடவை போய்ப் பேசினாள், மூன்று தடவையும் அவன் வேறு வேறு சொன்னான். “பாத்தியா, நான் எழுதினதெல்லாம் சொல்லுதான்” என்று சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. பக்கத்தில் உட்கார எனக்குக் கூசியது.

ஜூன் 19, வியாழன்

மைனி ஆட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மை வந்திருந்தாள். முறுக்கு கொண்டுவந்தாள், கூடவே வாயையும். மூன்று வருடத்துக்கு முன் கல்யாணமான ஏழாம் மாதம் நான் பெட்டியோடு இங்கே வந்து நின்றதிலிருந்து பெரியம்மைக்கு என்னைப் பார்த்தால் ஒரே பாட்டுத்தான்.

“டைப்பிங் படிச்சா, பாதியில விட்டா. தையல் படிச்சா, அதயும் விட்டா. வாக்கப்பட்ட வீட்டையும் விட்டா. எதத்தான் உருப்படியா முடிச்சிருக்கா இவ?”

மைனி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “நான் எழுதின அம்புட்டையும் இவ உக்காந்து ஆடி முடிச்சா, பெரியம்மை. ஒங்க வீட்டுல யாராலயும் முடியாது” என்றாள்.

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். பெரியம்மை சொன்னது வலிக்கவில்லை, அது பழகிவிட்டது. நான் பெட்டியோடு வந்த அன்று, “மொதல்ல சாப்பிடு” என்றவள் மைனி. ஏன் வந்தாய் என்று இன்றுவரை கேட்டதில்லை. அவள் எனக்காகப் பேசும்போதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் கேட்டாள்: “படகுக்காரன் ஒனக்குப் பிடிச்சுதா?”

“ரொம்ப” என்றேன். “அவன் குரல் நல்லா இருக்கும்.”

“அவனுக்குக் குரல் கிடையாதே. எழுத்து மட்டுந்தான வரும்.”

“வாசிக்கும்போது எனக்குக் கேட்டுச்சு மைனி.”

அவள் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டாள். பாவி நான்.

ஜூன் 27, வெள்ளி

மட்டக்களப்பிலிருந்து முகநூலில் எனக்கு ஒரு செய்தி. தருமரெத்தினம் என்று பெயர். அப்படியே எழுதி வைக்கிறேன்.

“வணக்கம் தங்கச்சி. குறை சொல்ல எழுதயில்ல. மூண்டு கிழமையா நான் கரையில நிக்கிறன். படகுக்காரன் கேக்கிறான், ஏற வழி தெரியேல்ல. ஊருக்குள்ள ஏதோ ஒரு வேலைய விட்டுட்டன் போல எண்டு நினைச்சுத் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கிறன். இப்ப ஊரில எல்லாரையும் எனக்குத் தெரியும். தமிழ் நல்ல வடிவா இருக்கு. என்ன செய்யவேணும் எண்டு மட்டும் சொன்னால் உதவி.”

மூன்று வாரம். அந்த மனிதர் தப்புத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார்.

ஜூன் 28, சனி

தமிழ் எழுத்துகளை கேமுக்குள் பொருத்தித் தந்தவன் ஷெரீஃப், காயல்பட்டினத்துப் பையன். அவனைக் கூப்பிட்டேன்.

“நீங்க முடிச்ச ஆட்டம் இருக்கும்ல அக்கா, அத அனுப்புங்க. பாத்துருவோம்” என்றான்.

அழித்துவிட்டேன் என்றேன். நேராகக் கரைக்குப் போக ஒரு வழி பண்ணி அனுப்பினான். மைனி காய் வாங்கப் போன நேரத்தில் திறந்தேன்.

ஆறு, மூடுபனி, படகு. படகுக்காரன் கேட்கிறான்: “ஏறுகிறாயா?” கீழே நாம் சொல்ல வேண்டிய பதில்கள்:

‘இன்னும் சற்று நேரம் இந்தக் கரையிலேயே நின்று யோசித்துக்கொள்கிறேன்.’

‘வந்த வழியே ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிறேன்.’

அவ்வளவுதான். மூன்றாவதாக ‘ஏறுகிறேன்’ என்று ஒன்று இருக்க வேண்டும். மேலே உள்ள இரண்டும் நீளமாகி ஆளுக்கு இரண்டு வரி எடுத்துக்கொண்டதில், மூன்றாவது பெட்டிக்கு வெளியே விழுந்துவிட்டது. கண்ணுக்கும் தெரியாது, அழுத்தவும் முடியாது. யோசிக்கலாம், திரும்பலாம், ஏற முடியாது.

அந்த வரிகளை மைனி முதலில் சின்னதாகத்தான் எழுதியிருந்தாள். “நீளமா எழுதுனாத்தான் மைனி அந்தத் தயக்கம் வருது” என்று ஷீட்டில் திருத்தச் சொன்னது நான். ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் உறைத்தது. நாலாயிரம் பேர் இறக்கியிருக்கிறார்கள். “படகுக்கு அப்புறம் வேற லெவல்” என்று ஒருவர் தமிழில் ஆடிக்காட்டியதாகவே வீடியோ போட்டிருக்கிறார். கரையில் படகு வராமலே போவதுதான் இந்த கேமின் தத்துவம் என்று இன்னொருவர் நீளமாக எழுதியிருக்கிறார்; படகு வரத்தான் செய்கிறது, அவர் கரைக்கே போகவில்லை. தமிழில் இதுவரை ஒருவரும் படகு ஏறவில்லை. எல்லாரும் என்னைப் போலத்தான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவர்கள் யாரும் மைனியின் வீட்டில் சாப்பிடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஷெரீஃப் சொல்கிறான், ரெண்டு வரியைச் சுருக்கினால் போதும், ஐந்து நிமிட வேலையாம். “நீயே பண்ணிரு” என்றேன்.

“அந்த வரியெல்லாம் வடிவு அக்காவோடதுக்கா. அவங்கட்ட கேக்காம ஒரு எழுத்தத் தொட மாட்டேன். நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

நான் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

சொல்லவில்லை. மாவு புளித்துவிட்டது என்று மைனி எரிச்சலில் இருந்தாள்.

ஜூலை 4, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கேமில் மைனி கரைக்கு ஒரு ஊர் முன்னால் நிற்கிறாள். நான் லேப்டாப் சார்ஜரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். முப்பத்து நான்கு வயதுக்காரி செய்கிற காரியம். மத்தியானம் உலை வைக்கப் போனவள் சார்ஜரோடு வந்து, “எலி இப்பல்லாம் இதையுமா இழுக்கு?” என்றாள். அண்ணன் அரைமணி நேரம் எலிப்பொறி தேடினான்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். கடைக்கு லீவு. அண்ணன் வடம் பிடிக்கப் போய்விட்டான். நான் சாம்பாருக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மைனி கூப்பிட்டாள்.

“ஆவுடை, இங்க வா. படகு வந்துட்டு.”

போய் அவள் பின்னால் நின்றேன். படகுக்காரன் கேட்டான். இரண்டு பதில்கள் வந்தன. மைனி கீழே போகும் பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

“மூணாவது எங்க?”

“பெட்டிக்கு வெளிய விழுந்திருச்சு மைனி. மேல ரெண்டும் நீளம்.”

சொல்லி முடித்த பிறகுதான், யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, “அப்பம் நீ எப்பிடி ஏறின?” என்றாள்.

“நான் ஏறல.”

“எது வரைக்கும் போன?”

“ஆடு வரைக்கும்.”

“எந்த ஆடு?”

“மொத ஊர்ல. காணாமப் போன ஆடு.”

“அதயாவது தேடிக் கண்டுபிடிச்சியா?”

“இல்ல மைனி.”

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்லா.”

“நீங்க ரெண்டு வருஷம் முதுகுவலியோட உக்காந்து…”

“நான் உக்காந்து எழுதினேன். ஒனக்குப் பிடிக்கணும்னு எழுதல. ஓட்டிப் பாருன்னு மட்டுந்தான் கேட்டேன். வேற யார்ட்டயாவது கேட்டிருப்பேன்ல.”

எனக்கு அழுகை வந்தது. “நான் எதையும் முடிக்காதவதான மைனி. ஊரே சொல்லுது” என்றேன். இரக்கம் கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“அத இதுல கொண்டாந்து ஒட்டாத, ஏட்டி. அந்த வீட்ட விட்டு நீ வந்தது சரி. வந்துட்டேன்னு வாசல்ல நின்னு சொன்ன. அங்க இருக்காமலே இருக்கேன்னு பொய் சொல்லல. விட்டுட்டு வாரது தப்பே கெடையாது. முடிச்சிட்டேன்னு சொன்ன பாரு, அதுதான்.”

பிறகு மட்டக்களப்புக்காரர் எழுதியதைக் காட்டினேன். அதையும் பத்து நாளாக மறைத்து வைத்திருந்தேன். வாசித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். “பாவம் அந்த மனுசன்” என்று சொல்லிவிட்டு நான் உரித்து வைத்திருந்த உள்ளியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று அண்ணன் வியர்வையோடு வந்து சொன்னான்.

ஜூலை 9, புதன்

நான் கடையிலிருந்து வந்ததும் மைனி டீயை என் கையில் கொண்டுவந்து தருவாள். மூன்று வருடமாக அதுதான் வழக்கம். இன்று அடுக்களைத் திண்டில் மூடி வைத்திருந்தது. போய் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மைனி அந்த நால்வருக்கும் எழுதிவிட்டாள். எனக்கு அனுப்பிய பிரதியில் வாசித்தேன். “நாங்கள் கடைசி வரை ஆடிப் பார்க்கவில்லை. முன்பு சொன்னது தவறு” என்று எழுதியிருக்கிறாள். நாங்கள் என்று. என் பெயர் எங்கும் இல்லை.

பதிலும் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஜூலையில் சேர்க்க முடியாது, யாராவது முழுதும் ஆடிய பிறகு சொல்லுங்கள், பார்க்கலாம். அடுத்த கேம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சம்பளத்தை வைத்து மைனி முதுகுக்கு வைத்தியம் பார்க்க நினைத்திருந்தாள். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை, அண்ணன்தான் இன்று சொன்னான்.

ஜூலை 12, சனி

ஷெரீஃப் வரிகளை மாற்றி, புது வடிவத்தை இணையத்தில் போட்டுவிட்டான். மைனி சுருக்கித் தந்தவை: ‘யோசிக்கிறேன்.’ ‘திரும்புகிறேன்.’ ‘ஏறுகிறேன்.’

கேமின் முடிவில் உழைத்தவர்கள் பெயர் ஓடும். அதில் ‘ஆடிச் சரிபார்த்தவர்’ என்று என் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் மைனி என்று போய்ச் சொன்னேன். அவள் டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நான் எடுக்க மாட்டேன். அது கடேசில இருக்கு. நீயே போயி பாத்துட்டு, இருக்கலாமா வேண்டாமான்னு சொல்லு.”

ஜூலை 13, ஞாயிறு

ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். ஊர்ப்பெரியவர் பேசினார். கொட்டாவி வந்தது. குற்றம் செய்தவளுக்குக் கொட்டாவி வராது என்று யார் சொன்னது?

ஜூலை 16, புதன்

மைனி அன்றைக்குக் கரையில் மூடியதோடு சரி, அப்புறம் ஆடவே இல்லை. இன்று லேப்டாப்பை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நீ ஆடு” என்று திருப்பித் தந்துவிட்டாள். தன் கேமில் தான் நடப்பதையே நான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடு கிடைத்தது. சுமைக்காரனின் வண்டிக்குப் பின்னால் நின்றது. இதற்கு அழுவேன் என்று எதிர்பார்க்கவில்லை. ஆட்டுக்காக அழவில்லை.

வழியில் ஒரு பலகையில் கடைசிச் சொல் பாதி வெட்டுப்பட்டிருந்தது. படமெடுத்து மைனிக்கும் ஷெரீஃபுக்கும் அனுப்பினேன். பக்கத்து அறையிலிருந்து “பாத்தேன்” என்று மைனி பதில் அனுப்பினாள்.

ஜூலை 25, வெள்ளி

தருமரெத்தினம் ஐயா அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டார். “ஏறிட்டன் தங்கச்சி. ஆனா ஊரை விட்டுப் போகக் கவலையாத்தான் இருந்தது” என்று எழுதியிருக்கிறார். மைனியிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள்.

டீ திண்டில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கரைக்கு வந்துவிட்டேன். மூடுபனி, படகு. படகுக்காரன் கேட்டான். மூன்று பதில்களும் பெட்டிக்குள் ஒழுங்காக நின்றன. ‘ஏறுகிறேன்’ என்பதை அழுத்தினேன். ஆறு நீளமாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் கொண்டாடும் அந்தப் படகுக்குப் பிந்தைய அதிசயத்துக்காக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அக்கரையில் இறங்கினேன். ஒரு சின்ன ஊர். முதல் வீட்டு வாசலில் ஒருத்தி நின்றாள். அவளுடைய ஆட்டைக் காணோமாம்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இதை எழுதினவள் மைனி, ஷீட்டில் வாசித்தவள் நான், எனக்கு இது ஞாபகமே இல்லை. அப்படியானால் வாசித்தேன் என்று சொன்னதிலும் எவ்வளவு உண்மை என்று இப்போது தெரியவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சிரிப்புச் சத்தம் கேட்டு மைனி வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

“எங்க நிக்க?”

“அக்கரையில. ஆட்டத் தேடுதேன்.”

“கெடைச்சுதா?”

“இன்னும் இல்ல மைனி. போரடிக்கவும் செய்யுது.”

அவள் போய்விட்டாள். நான் வேலியோரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் டீயோடு வந்து மேஜையில் என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எடது பக்கம் போ” என்றாள்.